மலைக்கு அந்தப்பக்கம் வேறு கணக்கு: செங்கோட்டைச் சாலையில் காகிதம் குறைந்த கதை



தொழில்நுட்பத்தால் வியாபாரச் செலவையும் காகித வேலையையும் எப்படிக் குறைக்கலாம் என்று கேட்டால், நம்மில் முக்கால்வாசிப் பேர் "கம்ப்யூட்டர் வாங்கினால் போதும்" என்று சொல்லிவிடுவோம். வணிகவியல் படிக்கிற நான்கூட அப்படித்தான் சொல்லுவேன். ஆனால் எங்கள் பகுதியின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் விஷயம் அவ்வளவு எளிது இல்லை என்று தெரிகிறது. கம்ப்யூட்டர் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கணக்கு வேலை பாதியாகக் குறைந்தது ஒரு முறை நடந்திருக்கிறது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் வேலை குறையாமல் இருந்த காலமும் இருந்திருக்கிறது. அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மலைக்கு இந்தப்பக்கம், அந்தப்பக்கம்

வெளியூர் நண்பர்களுக்காக முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் பண்பொழி. தென்காசி மாவட்டம், செங்கோட்டை பக்கம். திருமலை முருகன் கோயில் என்றால் பலருக்குத் தெரியும். மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கும். அந்தச் சுவரில் இரண்டு வழிகள் உண்டு. பெரிய வழி, செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று போகும் சாலை. அதை ஒட்டியே ரயில் பாதை. 1904-ல் கொல்லத்திலிருந்து செங்கோட்டை வரை ரயில் வந்துவிட்டது. சின்ன வழி, பண்பொழியைத் தாண்டி மேக்கரை வழியாக அச்சன்கோவிலுக்குப் போகும் காட்டுப் பாதை. அச்சன்கோவில் கேரளத்தில் இருக்கிறது. ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு நம் பக்கத்துச் சந்தைதான் கிட்டம்.

நெல், தேங்காய், மாங்காய், காய்கறி, சிமெண்ட், மளிகை எல்லாம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும். ரப்பர், மரம், மலைச்சரக்கு அந்தப் பக்கமிருந்து இங்கே வரும். இது நேற்று இன்று வந்த வியாபாரம் இல்லை. பொதிமாடும் கட்டைவண்டியும் போன காலத்திலிருந்தே நடக்கிறது. சரக்கு போகிற இடமெல்லாம் கணக்கும் கூடவே போகும் இல்லையா? அந்தக் கணக்கின் கதையைத்தான் பார்க்கப் போகிறோம்.

சக்கரமும் அணாவும்

இன்றைக்கு நாம் செங்கோட்டையைத் தமிழ்நாடு என்று சாதாரணமாகச் சொல்கிறோம். 1956 நவம்பர் 1 வரை அது அப்படி இல்லை. செங்கோட்டை முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. சில மைல் தூரத்தில் இருக்கும் தென்காசியோ சென்னை மாகாணம். அதாவது செங்கோட்டை வியாபாரிக்குப் புனலூர் உள்ளூர், தென்காசி வெளியூர்! இன்றைய நிலைக்கு நேர் தலைகீழ். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

திருவிதாங்கூருக்கு என்று சொந்த நாணயம் இருந்தது. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் இந்தியாவின் ரூபாயும் அங்கே செல்லும். ஆனால் அதன் மதிப்பு 28½ சக்கரம். தென்காசிப் பக்கத்தில் கணக்கு வேறு. 12 பை ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய். ஆக பிரிட்டிஷ் ரூபாயை உடைத்தால் ஒரு பக்கம் 192 பை, இன்னொரு பக்கம் 456 காசு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு மூட்டை 3 ரூபாய் 7 அணா 9 பை. 14 மூட்டைக்கு எவ்வளவு? பையைப் பெருக்கினால் 126. அதை அணாவாக்கினால் 10 அணா 6 பை. அணாவைப் பெருக்கினால் 98, கூட 10 சேர்த்தால் 108. அதை ரூபாயாக்கினால் 6 ரூபாய் 12 அணா. ரூபாயைப் பெருக்கினால் 42, கூட 6. மொத்தம் 48 ரூபாய் 12 அணா 6 பை. அப்பாடா! இதையே சக்கரத்தில் சொல்லுங்கள் என்றால் 1390 சக்கரம், 4 காசு, அதற்கு மேல் கொஞ்சம். இப்படி ஒரு நாளைக்கு எத்தனை கணக்கு? அதனால்தான் அந்தக் காலத்தில் பெரிய கடை என்றால் ஒரு கணக்குப்பிள்ளை கட்டாயம். நடந்ததை நடந்தபடி எழுதும் சிட்டை ஒன்று, அதை ஆள்வாரியாகப் பிரித்து எழுதும் பேரேடு ஒன்று, கடைசியில் வரவு செலவு சரிபார்க்கும் ஐந்தொகை. அந்த மனிதரின் சம்பளமும் அவர் தப்பாகப் போட்டால் வரும் நஷ்டமும் வியாபாரச் செலவுதான்.

இந்தச் சுமை எப்படிக் குறைந்தது? இயந்திரம் எதுவும் வரவில்லை. 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது சக்கரம் போனது. பிறகு 1957 ஏப்ரல் 1 அன்று இந்தியா முழுவதும் தசம நாணய முறை வந்தது. ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா. அவ்வளவுதான். 3.48-ஐ 14-ஆல் பெருக்கு என்றால் ஐந்தாம் வகுப்புப் பையன்கூடப் போட்டுவிடுவான். ஆரம்பத்தில் பழைய அணாவை எத்தனை நயா பைசாவாக மாற்றுவது என்று குழப்பம் இருக்கத்தான் செய்தது. 6¼ நயா பைசா ஒரு அணா என்றால் யாருக்குத்தான் குழம்பாது? ஆனால் ஒரு தலைமுறைக்குள் வாய்ப்பாட்டில் பாதி தேவையில்லாமல் போனது.

என்னைக் கேட்டால், நம் நாட்டு வியாபாரத்தில் கணக்கு வேலையைக் குறைத்த மிகப் பெரிய தொழில்நுட்பங்களில் இதுவும் ஒன்று. இதற்கு மின்சாரம் தேவைப்படவில்லை. ஒரு சட்டம் போதுமாக இருந்தது.

எல்லை மாறியது, சாவடி வந்தது

எல்லை என்றால் வரி இருக்கும். திருவிதாங்கூர் காலத்தில் சரக்கு எல்லை தாண்டும் இடங்களில் சுங்கச் சௌக்கைகள் இருந்தன. 1865-ல் பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி மூன்றும் ஒரு வணிக உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி இந்தப் பகுதிகளுக்கு இடையே போகும் பெரும்பாலான சரக்குகளுக்குச் சுங்கம் நீக்கப்பட்டது. உப்பு, புகையிலை, அபின் போன்ற சிலவற்றுக்கு மட்டும் கட்டுப்பாடு தொடர்ந்தது. அப்போது திவானாக இருந்தவர் மாதவராவ். இங்கேயும் பாருங்கள், வேலை குறைந்தது ஒரு முடிவால். "இந்தச் சரக்கை இனிமேல் கேட்க மாட்டோம்" என்று சொன்னார்கள், அந்தச் சரக்குக்கு எழுத வேண்டிய காகிதம் தானாகவே போய்விட்டது.

ஆனால் வரி வேறு ரூபத்தில் திரும்பி வந்தது. 1939-ல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. பொது விற்பனை வரியில் நாட்டுக்கே முன்னோடி அது. பிறகு மற்ற மாகாணங்களும் அதே வழியில் போயின. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி விகிதம், தனித்தனிப் படிவம்.

அடுத்து 1956. அந்த ஆண்டு எங்கள் பகுதிக்கு இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலப் பிரிப்பில் செங்கோட்டை தாலுகாவின் ஒரு பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இரண்டு, அதே ஆண்டில் மத்திய விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் என்ன வரி என்பதைச் சொல்லும் சட்டம் அது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நேற்று வரை உள்ளூராக இருந்த புனலூர் இப்போது வேறு மாநிலம். அங்கே அனுப்பும் ஒவ்வொரு மூட்டையும் இனிமேல் "மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை". சரக்கும் மாறவில்லை, சாலையும் மாறவில்லை. வரைபடத்தில் கோடு நகர்ந்தது, கூடவே காகிதமும் நகர்ந்தது.

அந்தக் கோட்டில்தான் புளியரை சோதனைச்சாவடி. நம் பக்கம் புளியரை, கேரளப் பக்கம் ஆரியங்காவு. லாரி இரண்டு இடத்திலும் நிற்க வேண்டும். இரண்டு அலுவலகம், இரண்டு முத்திரை.

சி படிவம் என்ற தலைவலி

சாவடியில் என்ன கேட்பார்கள்? பில், சரக்கோடு போகும் படிவம், லாரிக்காரரின் லோடு சீட்டு. தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி 2007 ஜனவரி 1 அன்று வந்தது. கேரளம் 2005 ஏப்ரலிலேயே மாறிவிட்டது. அந்தக் காலத்தில் நம் மாநிலத்தில் சரக்கோடு போக வேண்டிய படிவத்துக்கு ஜேஜே படிவம் என்று பெயர். ஏற்கெனவே பில்லில் இருக்கும் விவரத்தையே திரும்பவும் இதில் எழுத வேண்டும். யார் விற்றார், யார் வாங்கினார், என்ன சரக்கு, எவ்வளவு. சாவடி அதிகாரி அதைப் பார்த்துத் தன் பதிவேட்டில் மூன்றாவது முறை எழுதுவார். அந்தப் பக்கம் போனால் இன்னொரு மாநிலத்தின் முறையில் இன்னொரு தடவை.

இதைவிடப் பெரிய தலைவலி சி படிவம். வரி படிக்கும் நண்பர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தென்காசி வியாபாரி புனலூர் வியாபாரிக்குச் சரக்கு விற்கிறார். வாங்குபவர் பதிவு பெற்ற வியாபாரியாக இருந்தால் மத்திய விற்பனை வரி குறைந்த விகிதத்தில் போடலாம். அது நீண்ட காலம் 4 சதவீதம், 2007 ஏப்ரலில் 3, 2008 ஜூனில் 2 என்று குறைந்தது. ஆனால் அந்தச் சலுகைக்கு ஆதாரம் வேண்டும். புனலூர்க்காரர் தன் மாநில வரி அலுவலகத்தில் சி படிவம் வாங்கி, நிரப்பி, கையெழுத்துப் போட்டு, தென்காசிக்கு அனுப்ப வேண்டும். மூன்று பகுதி கொண்ட படிவம் அது. ஒன்று அவரிடம், இரண்டு நம்மவரிடம், அதில் ஒன்று நம்மூர் வரி அலுவலகத்துக்கு.

அந்தப் படிவம் வராவிட்டால்? சலுகை இல்லை. முழு விகிதத்தில் வரியை விற்றவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். சரக்கு போய்ப் பல மாதமாகியிருக்கும். வாங்கியவர் பணமும் கொடுத்து முடித்திருப்பார். இனிமேல் அவருக்கு என்ன அவசரம்? ஆகவே விற்றவர்தான் போன் மேல் போன் போட வேண்டும். எந்தப் படிவம் வந்தது, எது வரவில்லை என்று தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொள்வது வியாபாரிகளிடம் சர்வ சாதாரணம். பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே ஆள் போட்டிருந்தார்கள். சின்ன வியாபாரி தானே அலைவார்.

கடைசி ஆண்டுகளில் பல மாநிலங்களில் சி படிவத்தை இணையத்தில் இறக்கிக்கொள்ளும் வசதி வந்தது. அலுவலக வரிசை குறைந்தது உண்மை. ஆனால் படிவம் படிவமாகவே இருந்தது! வாங்கியவர் இறக்க வேண்டும், அச்செடுக்க வேண்டும், அனுப்ப வேண்டும், விற்றவர் காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் வந்தும் வேலை குறையாத காலம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதுதான்.

லண்டன் டீக்கடையில் ஒரு கம்ப்யூட்டர்

இந்த இடத்தில் கொஞ்சம் உலகத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வருவோம். வியாபார வேலைக்கு முதன்முதலில் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தியது யார் தெரியுமா? வங்கி என்று நினைப்பீர்கள். இல்லை, ஒரு டீக்கடைக் கம்பெனி! இங்கிலாந்தில் ஜே. லயன்ஸ் என்ற நிறுவனம். டீக்கடைகளும் பேக்கரியும் நடத்தியவர்கள். அவர்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் குழு உருவாக்கிக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்கு உதவி செய்து, அதைப் பார்த்துத் தங்களுக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். பெயர் லியோ. 1951 நவம்பரில் பேக்கரிக் கணக்கை அது போடத் தொடங்கியது. பிறகு சம்பளக் கணக்கும் அதற்குப் போனது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் இயந்திரம் இல்லை. லயன்ஸில் ஜான் சிமன்ஸ் என்று ஒருவர் இருந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். கம்ப்யூட்டர் என்ற எண்ணமே வருவதற்கு முன்பு, 1930-களிலேயே, அந்தக் கம்பெனியில் அலுவலக வேலைகளை ஆராய்வதற்கென்று ஒரு தனிப் பிரிவு இருந்தது. எந்தப் படிவம் எதற்கு, யார் அதைப் படிக்கிறார், படித்து என்ன செய்கிறார் என்று கேட்பதுதான் அவர்கள் வேலை.

அதன் பலனைப் பாருங்கள். ஒவ்வொரு டீக்கடை நிர்வாகியும் தினமும் நாளைக்கு எத்தனை ரொட்டி, எத்தனை கேக், எவ்வளவு பால் என்று முழுப் பட்டியலும் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. 1954-ல் அந்த வேலையை லியோவுக்கு மாற்றியபோது, பழைய பட்டியலை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. ஒவ்வொரு கடைக்கும் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிலையான பட்டியல் வைத்துக்கொண்டார்கள். மாற்றம் இருந்தால் மட்டும் நிர்வாகி போனில் சொன்னால் போதும். நம் வீட்டுப் பால்காரர் செய்வதும் இதேதானே? தினமும் அரை லிட்டர். வேண்டாம் என்றால் மட்டும் முந்தின நாள் சொல்லிவிட வேண்டும். தினமும் கேட்டுக்கொண்டிருந்தால் அவர் எப்போது பால் ஊற்றி முடிப்பது?

ஆக லயன்ஸ் முதலில் கேள்வியைக் குறைத்தது, அப்புறம்தான் மீதிக் கேள்விகளை இயந்திரத்திடம் கொடுத்தது. நம் சி படிவத்தில் நடந்தது இதற்கு எதிர். கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு காகிதத்தின் இடத்தில் திரையை வைத்தோம்.

டாலியும் மத்தளம்பாறையும்

நம் நாட்டில் கடைக் கணக்கைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்ததில் டாலிக்குப் பெரிய பங்கு உண்டு. 1986-ல் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பாரத் கோயங்காவும் தொடங்கியது. தந்தையின் தொழிலுக்குக் கணக்கு எழுத மென்பொருள் தேவைப்பட்டது, மகன் எழுதினார் என்பது அதன் கதை. சிட்டையில் ஒரு முறை பதிந்தால் பேரேடும் ஐந்தொகையும் தானாக வந்துவிடும். கணக்குப்பிள்ளை மூன்று இடத்தில் எழுதியது ஒரு இடத்தில் முடிந்தது. ஒருமுறை மட்டும் கேட்பது என்ற கொள்கை கடைக்குள் வந்துவிட்டது. ஆனால் கடையின் வாசலைத் தாண்டினால், சாவடியிலும் வரி அலுவலகத்திலும், மறுபடி எழுத வேண்டியிருந்தது.

அடுத்தது நம் தென்காசிக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-ல் ஸோஹோ கார்ப்பரேஷன் என்று பெயர் மாற்றிக்கொண்ட மென்பொருள் நிறுவனம், 2011-ல் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு பின்னால் அங்கேயே குடிவந்தார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வாடிக்கையாளர் புகார்களையும் கேள்விகளையும் ஒழுங்குபடுத்தும் ஸோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் மத்தளம்பாறையில்தான் வளர்ந்தது. பில் போடவும் கணக்கு வைக்கவும் ஸோஹோ புக்ஸ் என்று இன்னொன்று.

இவர்களுடைய வியாபாரமே இன்னொருவரின் காகிதத்தைக் குறைப்பதுதான். மென்பொருளை விலை கொடுத்து வாங்கிக் கம்ப்யூட்டரில் நிறுவ வேண்டாம், இணையத்தில் மாதச் சந்தா கட்டினால் போதும். குற்றாலச் சாரல் அடிக்கிற ஊரில் உட்கார்ந்து ஏதோ ஒரு நாட்டு அலுவலகத்தின் கோப்புகளைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த அலுவலகத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, எங்கள் பக்கத்துச் சின்னக் கடைக்காரர்களில் பலர் இன்னமும் மாதக் கடைசியில் பில்களை மஞ்சள்பையில் போட்டுக்கொண்டு ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போகிறார்கள். ஏன்? மென்பொருள் தெரியாததாலா? அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதியை அடுத்துப் பார்ப்போம்.

2017 ஜூலை 1

அன்று ஜி.எஸ்.டி. வந்தது. அதோடு புளியரையில் வணிகவரிச் சோதனை நின்றது. ஆரியங்காவிலும் அப்படியே. காவல்துறை, கனிம லாரிச் சோதனை எல்லாம் தனிக் கதை, அதை இங்கே சேர்க்க வேண்டாம். பெட்ரோல், டீசல், மது போன்ற சிலவற்றைத் தவிர மற்ற சரக்குகளுக்குச் சி படிவமும் தேவையில்லாமல் போனது. அறுபது ஆண்டுத் தலைவலி ஒரே நள்ளிரவில் முடிந்தது!

சாவடிக்குப் பதிலாக மின்வழிச் சீட்டு வந்தது. இ-வே பில் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் லாரி கிளம்பும் முன்பே இணையத்தில் விவரம் பதிய வேண்டும். பில் விவரம் ஒரு பகுதி, வண்டி எண் ஒரு பகுதி. 12 இலக்க எண் கிடைக்கும். வழியில் அதிகாரி நிறுத்தினால் பில்லோடு அந்த எண்ணைக் காட்ட வேண்டும். 2018 பிப்ரவரி 1 அன்று தொடங்க முயன்றபோது இணையதளம் பாரம் தாங்காமல் படுத்துவிட்டது. பிறகு ஏப்ரல் 1 அன்று மாநிலங்களுக்கு இடையிலான சரக்குகளுக்கும், ஜூன் 2 அன்று தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குகளுக்கும் நடைமுறைக்கு வந்தது. உள்ளூருக்கு நம் மாநிலம் வரம்பை ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்தது.

அதற்கு அடுத்த படி மின் விலைப்பட்டியல். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்யும் நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள் வரை வந்துவிட்டது. ஒரு பில்லை அரசுத் தளத்தில் பதிந்தால் ஒரு தனி அடையாள எண்ணும் கியூஆர் குறியீடும் கிடைக்கும். அதே விவரம் மாதாந்திரக் கணக்குக்கும் இ-வே பில்லுக்கும் தானாகப் போய்விடும். ஒரு தடவை எழுது, எல்லோரும் அதையே பார்க்கட்டும். லயன்ஸ் டீக்கடைப் பாடத்தை அரசாங்கம் படித்த மாதிரி இருக்கிறது, இல்லையா?

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாவடி என்பது வீண் வேலை என்று முடிவு கட்டிவிட முடியாது. வரி ஏய்ப்பு உண்மையான பிரச்சினை. ஜி.எஸ்.டி. வந்த பிறகும் சரக்கே இல்லாமல் போலி பில் போட்டு வரிச் சலுகை எடுத்த வழக்குகள் நாடு முழுவதும் பிடிபட்டிருக்கின்றன. அரசு கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. எத்தனை தடவை, யாரிடம் கேட்கிறது என்பதுதான் விஷயம்.

கோடு எங்கே போனது?

இப்போது மஞ்சள்பைக்கு வருவோம். ஜி.எஸ்.டி.யின் முதல் திட்டப்படி ஒரு சாதாரண வியாபாரி மாதம் 3, ஆண்டுக்கு 1 என்று மொத்தம் 37 கணக்குகள் தாக்கல் செய்ய வேண்டும். பெரிய கம்பெனிக்கு இது ஒன்றுமில்லை, மென்பொருள் பார்த்துக்கொள்ளும். மளிகைக்கடைக்காரருக்கு? நாடு முழுவதும் கூச்சல் எழுந்து, 2017 நவம்பரிலேயே மூன்றில் இரண்டு படிவங்களை நிறுத்தி வைத்தார்கள். 2021 ஜனவரி முதல் 5 கோடி வரை வியாபாரம் செய்பவர்கள் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாக்கல் செய்யலாம் என்றார்கள். இன்னும் சின்னவர்களுக்கு இணக்க முறை இருக்கிறது. மொத்த விற்பனையில் ஒரு சிறிய சதவீதம் கட்டினால் போதும், ஆண்டுக்கு ஒரு கணக்கு. எல்லாம் நல்ல மாற்றங்கள்தான். கவனியுங்கள், இவை எதுவும் மென்பொருள் மேம்பாடு இல்லை. கேள்வியைக் குறைத்த முடிவுகள்.

ஆனால் எங்களைப் போன்ற எல்லை ஊருக்கு ஒரு முள் இன்னும் மிச்சமிருக்கிறது. ஒரு வியாபாரி குறிப்பிட்ட வரம்புக்குக் கீழ் விற்றால் ஜி.எஸ்.டி. பதிவே தேவையில்லை. இணக்க முறையில் இருந்தால் வேலை குறைவு. ஆனால் வரி உள்ள சரக்கை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால், எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும் பதிவு கட்டாயம். இணக்க முறையில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்கவே கூடாது.

இதை எங்கள் ஊரில் வைத்துப் பாருங்கள். பண்பொழியில் முறுக்கும் மிக்சரும் போடும் ஒருவர் 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் சென்னைக் கடைக்கு அனுப்பலாம், எந்தச் சிக்கலும் இல்லை. மலையைத் தாண்டி அச்சன்கோவில் கடைக்கு இரண்டு டின் அனுப்பினால் அவர் முழு ஜி.எஸ்.டி.காரர் ஆகிவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு கணக்கு, ஆடிட்டர் கட்டணம், தாமதமானால் அபராதம். இரண்டு டின்னில் என்ன லாபம் வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பச்சைக் காய்கறிக்கும் பழத்துக்கும் வரி இல்லாததால் விவசாயி தப்பித்தார். அதே விளைபொருளை வறுத்துப் பொட்டலம் போட்டு நாலு காசு கூடச் சம்பாதிக்க நினைப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

சாவடியின் கட்டை தூக்கப்பட்டது உண்மை. லாரி நிற்காமல் போகிறது, டீசல் மிச்சம், நேரம் மிச்சம். பெரிய வியாபாரிக்கு நிச்சயமாகச் செலவு குறைந்தது. ஆனால் 1956-ல் போட்ட கோடு அழியவில்லை. அது சாலையிலிருந்து கிளம்பி கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. முன்பு அந்தக் கோட்டைக் காப்பதற்கு அரசு ஆள் வைத்து, கட்டிடம் கட்டி, சம்பளம் கொடுத்தது. இப்போது அந்த வேலையை வியாபாரியே தன் செலவில் செய்கிறார். காகிதம் குறைந்துவிட்டது என்று நாம் சொல்லும்போது, யாருடைய மேசையிலிருந்து குறைந்தது, யாருடைய மேசைக்குப் போனது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதற்குத் தீர்வு இல்லாமலும் இல்லை. சேவைத் தொழில் செய்யும் சிறியவர்களுக்கு 2017 அக்டோபரிலேயே இந்தக் கட்டாயத்தைத் தளர்த்திவிட்டார்கள். வரம்புக்குக் கீழ் இருந்தால் வேறு மாநிலத்துக்குச் சேவை வழங்கலாம், பதிவு வேண்டாம். அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களுக்கும் அப்படியே சலுகை கொடுத்தார்கள். அவர்களுக்கு முடிந்தது முறுக்கு விற்பவருக்கு ஏன் முடியாது? இ-வே பில்லில் வண்டி எண் முதற்கொண்டு எல்லாம் இருக்கும் காலத்தில், சிறிய தொகைக்கு ஒரு வரம்பு வைத்து விட்டுவிடுவது பெரிய காரியம் இல்லை.

கடைசியாக

சக்கரம் போனதும், அணா போனதும், 1865-ல் சுங்கம் போனதும், சி படிவம் போனதும் ஒரே மாதிரிதான் நடந்தன. யாரோ ஒருவர் "இதை இனிமேல் கேட்க வேண்டாம்" என்று முடிவெடுத்தார். அந்த முடிவுக்குப் பிறகு வந்த கம்ப்யூட்டர் அற்புதமாக வேலை செய்தது. முடிவு இல்லாமல் வந்த கம்ப்யூட்டர் பழைய வேலையையே வேகமாகச் செய்தது.

நாளைக்கு நம்மில் சிலர் ஆடிட்டர் ஆவோம், சிலர் மத்தளம்பாறை போன்ற இடங்களில் மென்பொருள் எழுதுவோம், சிலர் வரி அலுவலகத்தில் உட்காருவோம், சிலர் அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்வோம். யாராவது புதிதாக ஒரு மென்பொருளைக் காட்டி "இது உங்கள் வேலையைக் குறைக்கும்" என்று சொன்னால், அதில் என்னென்ன வசதி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், எந்தக் கேள்வியை இனிமேல் என்னிடம் கேட்க மாட்டீர்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் மஞ்சள்பையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தேவைப்படும்!

உங்கள் வீட்டில் யாரிடமாவது பழைய பேரேடு, அணாக் கணக்கு எழுதிய நோட்டு இருந்தால் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். நம் தாத்தாக்கள் எவ்வளவு கணக்கை மனதிலேயே போட்டார்கள் என்று தெரியும்.